ஜான், நீ பொய் சொல்லவில்லையே?

ஒரு கடிதத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1805 ஜூலை 19 அன்று, இன்றைய கனடாவின் வான்கூவர் தீவை ஒட்டிய நூட்கா தீவில், பசிபிக் கடலைப் பார்த்தபடி இருக்கும் யூக்வாட் என்ற ஊரில் எழுதப்பட்ட கடிதம் அது. எழுதியவன் 22 வயது இங்கிலாந்துக் கொல்லன். எழுதச் சொன்னவர் அவனுடைய எஜமானர், எழுதப் படிக்கத் தெரியாதவர். 'இவர் எங்களை நன்றாக நடத்தினார், கப்பலுக்கு வந்தால் மரியாதை செய்யுங்கள்' என்று அப்போது அங்கே வந்திருந்த ஒரு கப்பலின் தலைவருக்கு எழுதித் தரச் சொன்னார். அவன் எழுதியதோ, இந்த ஆள்தான் எங்கள் கப்பலைப் பிடித்தவர், கட்டிவையுங்கள், தப்ப விட்டுவிடாதீர்கள், அப்போதுதான் எங்களுக்கு விடுதலை என்று.

அந்தக் கொல்லன் பெயர் ஜான் ஜூவிட். எஜமானர், அந்தக் கரையின் பூர்வகுடிகளான மோவச்சாட் மக்களின் தலைவர் மக்குவின்னா. மோவச்சாட் என்றால் மான் மக்கள். வெள்ளைக்காரர்கள் அவர்களையும் அந்தக் கடற்பகுதியையும் 'நூட்கா' என்றார்கள். 1778-ல் அங்கே வந்த ஜேம்ஸ் குக், கப்பலைச் சுற்றிக் கொண்டுவரச் சொல்லி அவர்கள் கத்தியதை ஊர்ப்பெயர் என்று நினைத்துவிட்டார் என்று சொல்வார்கள்.

ஒரு கோடையில் அக்கா வீட்டுக்குக் கனடா போனபோது அடம்பிடித்து யூக்வாட் போய்வந்தேன். கோல்டு ரிவர் என்ற சின்ன ஊரிலிருந்து சரக்கும் ஆளும் ஏற்றிப் போகும் பழைய கப்பல் ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் மலை செங்குத்தாகக் கடலில் இறங்கும், நடுவே குறுகலான நீர்வழி, மணிக்கணக்காகப் போனபிறகு திடீரென்று கடல் திறந்துகொள்கிறது. யூக்வாட் என்றால் எல்லாத் திசையிலிருந்தும் காற்றடிக்கும் இடம் என்று பொருள். நான் இறங்கியபோது காற்று அப்படித்தான் அடித்தது. ஒரு பழைய தேவாலயம், புல்லுக்குள் விழுந்து மட்கிக்கொண்டிருக்கும் ஒரு மரக்கம்பம், அப்புறம் கடலோரம் முழுக்கக் கூழாங்கற்கள். அலை திரும்பும்போது அத்தனை கல்லும் ஒன்றாக உருண்டு கீழே போகும் சத்தம், பெரிய அண்டாவில் பொரி வறுப்பது மாதிரி, இன்னும் காதில் இருக்கிறது. மக்குவின்னா என்ற பெயருக்குக் கூழாங்கல்லை உடையவர் என்று அர்த்தம் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். ஜூவிட் 1783-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்ற ஊரில் பிறந்தவன். அப்பா கொல்லர். பையனை வைத்தியம் படிக்க வைக்க ஆசைப்பட்டார், அவனோ உலையை விட்டு நகர மறுத்தான். குடும்பம் ஹல் துறைமுகத்துக்குக் குடிபோனது. அங்கே பழுதுபார்க்க வந்த அமெரிக்கக் கப்பல் ஒன்றுக்கு அப்பா இரும்பு வேலை செய்து கொடுத்தார், கப்பலின் பெயரும் 'பாஸ்டன்'. அதன் தலைவர் ஜான் சால்ட்டர், பையனைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் கொல்லனாக மாதம் 30 டாலர் சம்பளத்துக்குக் கூட்டிக்கொண்டார். 1802 செப்டம்பரில் கிளம்பி, தென்னமெரிக்காவின் கோடியைச் சுற்றி, 1803 மார்ச் 12-ல் நூட்கா வந்து சேர்ந்தார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கரைக்குக் கப்பல்கள் வந்ததே கடல் நீர்நாயின் தோலுக்காகத்தான். இங்கே துணிக்கும் இரும்புக்கும் துப்பாக்கிக்கும் வாங்கி, சீனாவின் கான்டனில் கொள்ளை விலைக்கு விற்கலாம்.

மக்குவின்னா கப்பலுக்கு வந்தார், விருந்து சாப்பிட்டார். சால்ட்டர் அவருக்கு இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். சில நாள் கழித்து அதைத் திருப்பிக் கொண்டுவந்து 'பெஷாக்' என்றார், அவர்கள் பாஷையில் மோசம். விசை உடைந்துபோயிருந்தது. சால்ட்டருக்குக் கோபம், பொய்யன் என்று ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி திட்டி, துப்பாக்கியைப் பிடுங்கி ஜூவிட்டிடம் எறிந்தார். இருபது வருஷமாகக் கப்பல்காரர்களோடு பழகிய மக்குவின்னாவுக்கு ஆங்கிலம் புரியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மக்குவின்னா ஒன்றும் பேசவில்லை. தொண்டையில் கைவைத்து, நெஞ்சைத் தடவித் தடவி விட்டுக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்பதை அவரே பிற்பாடு ஜூவிட்டிடம் சொல்லியிருக்கிறார். இதயம் மேலே ஏறித் தொண்டையை அடைத்தது, அதைக் கீழே தள்ளினேன் என்று.

மார்ச் 22 அன்று தன் ஆட்களோடு வந்தார். மர முகமூடி போட்டு ஆடினார், சிரிக்க வைத்தார். பக்கத்துக் குடாவில் சால்மன் மீன் ஏராளமாக இருக்கிறது, ஆள் அனுப்புங்கள் என்றார். துணைத்தலைவரும் ஒன்பது பேரும் மீன் பிடிக்கப் போனார்கள். கப்பலில் ஆள் குறைந்ததும் பாய்ந்தார்கள். கீழ்த்தளத்தில் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்த ஜூவிட் சத்தம் கேட்டு ஏணியில் ஏற, ஒருவன் முடியைப் பிடித்துத் தூக்கினான். முடி குட்டையாக இருந்ததால் பிடி நழுவி, வெட்டிய கோடாலி நெற்றியைப் பிளந்ததோடு போயிற்று, இவன் கீழே விழுந்தான். மேலே மக்குவின்னா கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார். துப்பாக்கியைச் சரிசெய்யத் தெரிந்த கை அவருக்கு வேண்டும்.

பிறகு மேலே கொண்டுபோய்க் கேட்டார்கள். எனக்கு அடிமையாக இருப்பாயா, எனக்காகச் சண்டை போடுவாயா, துப்பாக்கி பழுதுபார்ப்பாயா, கத்தி செய்து தருவாயா? எல்லாவற்றுக்கும் சரி என்றான். அப்புறம் தளத்தில் வரிசையாக வைத்திருந்த தலைகளைக் காட்டி, இது யார், இது யார் என்று கேட்டார்கள். 25 தலைகள். 19 வயசுப் பையன், ஒரு கண் வீங்கி மூடிப்போன நிலையில், அடையாளம் காட்டினான். அன்றைக்கே அவன் நெற்றிக் காயத்துக்குப் புகையிலை வைத்துப் பட்டுக் கைக்குட்டையால் கட்டுப் போட்டுவிட்டவரும் இதே மக்குவின்னாதான். இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒரே மனிதரிடம் பார்க்க எனக்கு நிறைய நேரம் பிடித்தது. முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

மறுநாள் இன்னொரு ஆள் அகப்பட்டார். ஜான் தாம்சன், பாய் தைப்பவர், நாற்பது வயசு இருக்கும். கொல்லப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜூவிட், அவர் என் அப்பா, அவரைக் கொன்றால் நானும் செத்துப்போவேன், உங்களுக்கு வேலை செய்ய ஆள் இருக்காது என்று ஒரு போடு போட்டான். மக்குவின்னா நம்பினார். ஆக, அவன் அவரிடம் சொன்ன முதல் பொய் ஒரு உயிரைக் காப்பாற்றியது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தக் கதையை 'காட்டுமிராண்டிகளிடம் மாட்டிய மாலுமி' என்றுதான் நூறு வருஷத்துக்கும் மேல் சொல்லிவந்தார்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஜூவிட்டே பின்னால் மக்குவின்னாவிடம் கேட்டிருக்கிறான், அவரும் கணக்குச் சொல்லியிருக்கிறார். 1785-ல் முதல் வியாபாரியாக வந்த ஜேம்ஸ் ஹன்னா, ஒரு உளி திருடு போனதற்காகத் தோணிகள்மீது சுட்டு இருபது பேருக்கு மேல் கொன்றார். மக்குவின்னா கப்பலிலிருந்து குதித்து, தண்ணீருக்கடியிலேயே நீந்தித் தப்பினார். 1789-ல் மார்ட்டினெஸ் என்ற ஸ்பானியக் கடற்படைத் தளபதி அங்கே இருந்த காலத்தில் கல்லிக்கம் என்ற உள்ளூர்த் தலைவர் சுட்டுக்கொல்லப்பட்டார். இன்னொரு கப்பல்காரர், இவர் ஊரில் இல்லாத சமயம் வீட்டுக்குள் புகுந்து, இருந்ததிலேயே நல்ல 40 தோல்களை எடுத்துக்கொண்டு போனார். சுட்ட கப்பல் போய்விடும், அடுத்த கப்பல் வரும், கடன் அப்படியே நிற்கும். கடைசியில் ஒரு துப்பாக்கி விசைக்காகத் தன் ஆட்கள் முன்னால் பொய்யன் என்று திட்டு வாங்கியபோது பதினெட்டு வருஷக் கணக்கும் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிட்டது. செத்துப்போன 25 பேரில் யாரும் ஹன்னாவின் ஆட்கள் இல்லை என்பதும் நிஜம்தான். அவர்கள் சாவு எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் காரணமில்லாத கொலை என்று யாராவது சொன்னால் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இங்கே ஒரு சின்ன விலகல், நம்மூர்ச் சங்கதி. ஹன்னாவுக்கு அடுத்த வருஷம், 1786-ல், பம்பாயிலிருந்து இரண்டு கப்பல்கள் நூட்காவுக்குப் போயின. கூடப் போனவர் ஜேம்ஸ் ஸ்ட்ரேஞ்ச், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் உத்தியோகஸ்தர். அவருடைய பயணக் குறிப்பு மதராஸ் ஆவணங்களில் இருந்து எடுக்கப்பட்டு 1928-ல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சானது. அந்தக் கப்பலில் இருந்த மெக்கே என்ற மருத்துவ உதவியாளர், ஜூவிட்டுக்குப் பதினேழு வருஷம் முன்பே, தானே சம்மதித்து மக்குவின்னாவின் ஊரில் தங்கியவர். ஒரு நாள் தெரியாமல் தலைவரின் குழந்தை கிடந்த தொட்டிலைத் தாண்டிவிட்டார். வீட்டைவிட்டே துரத்தினார்கள். படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் 'திரும்பத் தாண்டுடா' என்று பாட்டி கத்துவதைக் கேட்டு வளர்ந்த யாருக்கும் அந்தக் கோபம் விளங்கும். குழந்தை பிற்பாடு இறந்தும் போயிற்று. அடுத்த வருஷம் வந்த ஒரு கப்பல் அவரைக் கூட்டிக்கொண்டு போனது.

ஜூவிட்டுக்கு வருவோம். கப்பலைக் கரைக்குக் கொண்டுவந்து சாமான் இறக்கினார்கள். அதில் துப்பாக்கிகள் மட்டும் மூவாயிரம். யாரோ கொண்டுபோன தீப்பந்தம் பட்டுக் கப்பல் எரிந்துபோனது. மக்குவின்னா பக்கத்து ஊர்களையெல்லாம் அழைத்து விருந்து வைத்தார், ஒரே விருந்தில் 100 துப்பாக்கி, 100 கண்ணாடி, 400 கஜம் துணி, 20 பீப்பாய் வெடிமருந்து அள்ளிக் கொடுத்தார். சேர்த்து வைப்பவருக்கு அங்கே மதிப்பில்லை, கொடுப்பவர்தான் பெரிய மனிதர்.

அவன் வாழ்க்கை நான் நினைத்த அடிமை வாழ்க்கையாக இல்லை, அதற்காகச் சுகமும் இல்லை. தலைவர் வீடே 150 அடி நீளம், பலகை வீடு. செப்டம்பரில் பலகைகளைக் கழற்றித் தோணியில் ஏற்றிக்கொண்டு, வெறும் சட்டத்தை விட்டுவிட்டு, உள்ளே தாஷிஸ் என்ற இடத்துக்கு ஊரே குடிபெயரும், பிப்ரவரி கடைசியில் திரும்பும். சாப்பாடு சால்மன், மீன் சினை, கிளிஞ்சல், எல்லாவற்றின் தலையிலும் திமிங்கல எண்ணெய். ஸ்ட்ராபெர்ரிப் பழத்துக்குக்கூட எண்ணெய்தான். இவனும் தாம்சனும் கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுத்து ஒப்பேற்றினார்கள். மக்குவின்னா வீட்டில் ஆணும் பெண்ணுமாக ஐம்பது அடிமைகள் வரை இருந்தார்கள், எல்லாரும் பக்கத்து இனத்தவர்கள், போரில் பிடிபட்டவர்கள் அல்லது விலைக்கு வந்தவர்கள். அந்த ஐம்பது பேரின் கதையை யாரும் எழுதவில்லை. எழுத்துத் தெரிந்த ஒருவன் மாட்டியதால்தான் நமக்கு இந்தக் கதை கிடைத்தது என்பதை மறக்காமல் படிக்க வேண்டியிருக்கிறது.

எழுத்து என்றதும் சொல்ல வேண்டும். கப்பலிலிருந்து தப்பிய வெற்றுக் கணக்கு நோட்டு ஒன்று அவனிடம் இருந்தது, மை இல்லை. கருநிறப் பெர்ரிப் பழத்தைக் காய்ச்சி, கரியை மாவாகப் பொடித்துச் சேர்த்து, துணியில் வடிகட்டி மை செய்தான். காக்கை இறகு பேனா, கிளிஞ்சல் ஓடு மைக்கூடு. மை கிடைக்காவிட்டால் என் விரலை வெட்டி ரத்தம் தருகிறேன், அதில் எழுது, ஆனால் எழுதுவதை விடாதே என்றாராம் தாம்சன். எங்களுக்கு நடந்தது ஒரு நாள் யாருக்காவது தெரியட்டும் என்ற தவிப்பு. 1807-ல் அச்சான அந்த நாட்குறிப்பு வறண்டது. இன்று மழை, இன்று தின்ன ஒன்றுமில்லை, இன்று கத்தி அடித்தேன். 1815-ல் வந்த பெரிய புத்தகம் ரிச்சர்ட் ஆல்சாப் என்பவர் அவனிடம் கேட்டுக் கேட்டு எழுதியது, கதையாக ஓடும். வறண்டதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன், ஆனால் மனிதர்கள் தெரிவது இரண்டாவதில்.

அதில் ஒரு இடம் மனசை விட்டு அகலவில்லை. டூட்டூஷ் என்ற வீரர், கப்பல் தாக்குதலில் இரண்டு பேரைக் கொன்றவர், கொஞ்ச நாளில் சித்தம் கலங்கிப்போனார். செத்த இருவரும் பக்கத்தில் நின்று சாப்பிடவிடாமல் தடுக்கிறார்கள் என்று அலறினார். வெள்ளைக்காரர் ஊரில் இதற்கு என்ன செய்வார்கள் என்று மக்குவின்னா கேட்க, கட்டிவைத்து அடிப்பார்கள் என்றான் ஜூவிட். செய்து பார்க்கச் சொன்னார். தாம்சன், உள்ளே தேக்கி வைத்த வெறியையெல்லாம் கொட்டி அடித்தார். மக்குவின்னாவால் பார்க்க முடியவில்லை. போதும், இதுதான் வைத்தியம் என்றால் அவர் பைத்தியமாகவே இருக்கட்டும் என்று நிறுத்திவிட்டார்.

ஜூவிட் கத்தி செய்தான், தூண்டில் செய்தான், தலைவரின் மனைவிகளுக்குச் செம்பில் காப்பு செய்தான். மக்குவின்னாவுக்கு எஃகில் ஒரு திமிங்கல ஈட்டி செய்து கொடுத்தான், அவர் திமிங்கலம் பிடித்துத் திரும்பினார், ஊரே கொண்டாடியது. தாம்சன் தலைவருக்குக் கலர் கலராகத் துணி ஒட்டுப்போட்டு, நீர்நாய்த் தோல் கரை வைத்து, தங்கநிறப் பொத்தான் தைத்து ஒரு மேலாடை தைத்துக் கொடுத்தார். ஒரு தடவை தாம்சன் கோபத்தில் தலைவர் குடும்பத்துப் பையனை அடித்துவிட, கொல் என்று ஊர் திரண்டது, மக்குவின்னா குறுக்கே நின்றார். பிறகு ஜூவிட்டுக்குக் கல்யாணமும் செய்துவைத்தார், பக்கத்து ஊர்த் தலைவரின் மகள், 17 வயது. ஊரோடு பிணைந்துவிட்டால் ஓடமாட்டான் என்ற கணக்கு. அவனோ ஒவ்வொரு வெளியூர்த் தோணியிலும் ரகசியமாகக் கடிதம் கொடுத்தனுப்பினான், மொத்தம் 16. அதில் ஒன்று, தெற்கே இருந்த உலட்டில்லா என்ற தலைவர் கைமூலமாக, 'லிடியா' என்ற கப்பலின் தலைவர் சாமுவேல் ஹில்லிடம் போய்ச் சேர்ந்தது.

அன்று அவன் உலையில் கத்தி அடித்துக்கொண்டிருந்தான். மூன்று பீரங்கிச் சத்தம். 'மமெத்லி, மமெத்லி', வெள்ளைக்காரர் வந்துவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு ஊர் ஓடியது. இரண்டு பேரும் காதில் விழாத மாதிரி சுத்தியலை இறக்காமல் வேலை செய்தார்களாம். முகத்தில் சந்தோஷம் தெரிந்தால் உயிர் போகும். மக்குவின்னாவே வந்து, ஜான், கப்பல் வந்திருக்கிறதே, சந்தோஷமில்லையா என்று கேட்டார். எனக்கு இங்கே பழகிவிட்டது என்றான்.

கப்பலுக்குப் போகலாமா என்று மக்குவின்னா ஊரைக் கேட்டார். மனைவிகளும் மற்றவர்களும் வேண்டாம் என்று காலைப் பிடித்தார்கள். என்னை நல்லபடியாக நடத்தும்படி நீ ஒரு கடிதம் தந்தால் போகிறேன் என்றார் இவனிடம். எழுதினான். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, இது என்ன, இது என்ன என்று கேட்டார். இவன் கூசாமல் நல்ல வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியில் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்டார்: ஜான், நீ பொய் சொல்லவில்லையே? ஏன் கேட்கிறீர்கள் டையி (தலைவரே), நான் என்றைக்காவது உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறேனா? இல்லை என்றார். தோணியில் ஏறிப் போய்விட்டார்.

ஹில் விலங்கு மாட்டினார். தலைவரைப் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் கரையில் கத்தியும் அழுகையுமாக இவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜூவிட் தைரியமாகப் பேசி, எங்களை விட்டால் அவர் வருவார் என்று பேரம் பேசிக் கப்பல் ஏறினான். அன்று இரவு விலங்கோடு இருந்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். மக்குவின்னா தூங்கவில்லை, அவனையும் தூங்கவிடவில்லை. நீ தனி ஆள், ஊரே உன்னைக் கொல்லச் சொன்னபோது நான் காப்பாற்றினேன், இப்போது நான் தனி ஆள், நீ காப்பாற்றமாட்டாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தாம்சனுக்கு அவரைத் தூக்கில் பார்க்க வேண்டும். ஜூவிட், இவரைக் கொன்றால் அடுத்து வரும் கப்பலின் மாலுமிகள் சாவார்கள் என்று ஹில்லிடம் வாதாடினான். மறுநாள், எரியாமல் மிச்சமிருந்த கப்பல் சாமான்களை வாங்கிக்கொண்டு அவரை விட்டார்கள்.

மக்குவின்னா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், கண்ணில் நீர். இனி யாரிடமும் கடிதம் வாங்க மாட்டேன், நீ இருந்தால் தவிர எந்தக் கப்பலிலும் ஏற மாட்டேன் என்றார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் திட்டவில்லை. இரண்டு வருஷம் நாலு மாதம் கழித்து, அவன் எந்தப் பொய்யோடு அந்த ஊருக்குள் வந்தானோ அதே மாதிரி ஒரு பொய்யோடு வெளியே போனான். அவன் இடத்தில் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். எழுதிவிட்டு அந்தக் கேள்வியை மறந்திருப்பேனா என்றுதான் தெரியவில்லை. அவனும் மறக்கவில்லை, இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வந்த நிமிஷத்தைப் பத்து வருஷம் கழித்து ஆல்சாப்பிடம் வார்த்தை வார்த்தையாக ஏன் சொல்லியிருக்கப் போகிறான்?

லிடியா தோல் வாங்கிக்கொண்டு அந்தக் கரையிலேயே சுற்றியது, பிறகு மறுபடியும் நூட்கா வந்தது. மக்குவின்னா அவனை அன்பாகவே வரவேற்றார். அவனுக்குப் பிறந்த ஆண் குழந்தையைத் தன் பிள்ளையாக வளர்ப்பதாகச் சொன்னார். ஜூவிட் கான்டன் வழியாக 1807-ல் அமெரிக்கா போய், அங்கே கல்யாணம் செய்து, தன் புத்தகத்தைத் தானே ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றான். 1817-ல் ஃபிலடெல்ஃபியாவில் தன் கதையை நாடகமாகப் போட்டபோது தன் வேஷத்தைத் தானே கட்டினான். 1821-ல் ஹார்ட்ஃபோர்டில் இறந்தான், 37 வயது.

யூக்வாட்டில் கரையிலிருந்து உள்ளே கொஞ்சம் நடந்தால் ஒரு ஏரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூவிட்டும் தாம்சனும் ஊர்க் கண்ணுக்கு எட்டாத ஒரு நன்னீர்க் குளத்தில் குளித்து, துணி துவைத்து, ஜெபம் செய்தார்கள். ஏரிக்கு இன்று அவன் பெயர்தான், ஜூவிட் ஏரி. அதற்குள் இருக்கும் சின்னத் தீவில்தான் திமிங்கல வேட்டைக்குப் போகும் தலைவர்கள் நோன்பிருந்து குளித்துச் சுத்தமாகும் கோவிலும் இருந்தது, மனித உருவங்களாகச் செதுக்கிய மரச் சிற்பங்கள் நிறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை 500 டாலருக்கு வாங்கிப் பெட்டிகளில் அடைத்து நியூயார்க் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் போன அன்று தண்ணீர் கடலைப்போல் சில்லிடவில்லை, இளம்சூடாக இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் கரை மரத்திலிருந்து மாறி மாறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.